கீழ்த்தளத்துக் கோடு

ஜூன் 2, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரை விளம்பரம். இன்றைய பக்கத்துக்கு வயிற்றெரிச்சல். எனக்குப் பொருத்தம்தான்.

காலையில் அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன், இட்லி ஆறுகிறது என்று. இவர் முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. தட்டைக் கொண்டுபோய் டங்கென்று முன்னால் வைத்தேன். நிமிர்ந்து ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை. கோபம் என்றால் கோபப்பட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?

என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். தை மாதம் என் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவில், பந்திக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, "எத்தன தடவ கூப்புடறது, காது செவிடா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அன்றிலிருந்து வாயை அளந்துதான் திறக்கிறார். இருபத்து மூன்று வருஷம் ஓயாமல் தொணதொணத்த மனுஷர்.

ஆஸ்பத்திரியில் இன்றிலிருந்து எனக்குப் புது வேலை. இத்தனை நாள் ஐ.டி. பிரிவில் பிரின்டர் மக்கர் பண்ணினால் ஓடுகிறவளாக இருந்தேன். போன மாதம் வேறொரு ஊரில் ஓர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து எல்லா ரிப்போர்ட்டையும் பூட்டி வைத்துவிட்டார்களாம். அதனால் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் பயம் வந்துவிட்டது. மூன்றாம் மாடியில் எனக்கென்று இரண்டு திரை. உள்ளே இருக்கிற நானூறு கம்ப்யூட்டர், ஸ்கேன் மெஷின், வருகிறவர் போகிறவர் எல்லாம் பிடிக்கிற வைஃபை, எதிலிருந்து என்ன வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எல்லாம் ஒட்டிய கவர். எங்கிருந்து எங்கே, எவ்வளவு கனம், எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான் தெரியும். தபால்காரர் பார்வை.

எங்கள் பிரிவின் தலைவர் பிரகதீஷ், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். என்னை அக்கா என்பார், வேலையில் மட்டும் கறார். முதல் இரண்டு வாரம் எதையும் பிடிக்க வேண்டாம், இங்கே எது வாடிக்கை என்று மட்டும் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள் என்றார். அதுதான் எழுதுகிறேன். ஆபீஸுக்கு ஒரு நோட்டு, எனக்கு இது.

ஜூன் 3, செவ்வாய்

வாடிக்கை பிடிபட ஆரம்பித்துவிட்டது. ஒன்பது மணிக்கு டாக்டர்கள் வந்ததும் திரையில் கோடுகள் எழும்பும். பதினோரு மணிக்கு ஸ்கேன் அறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைஃபையில் மொத்த ஆஸ்பத்திரியும் வீடியோ பார்க்கும். எல்லோரும் வெளியிலிருந்து இழுக்கிறவர்கள்தான். வெளியே போவது ஒரு கைப்பிடி என்றால் உள்ளே வருவது ஒரு மூட்டை.

ஒன்று மட்டும் தலைகீழ். கீழ்த்தளத்து ஓ.பி. ஹால், நோயாளிகளுக்கான வைஃபை. அங்கிருந்து யாரோ ஒருவர் காலை எட்டு நாற்பதிலிருந்து வெளியே கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை, மெல்லிய கோடு. அரை நிமிடம் எழும்பும், படுக்கும். மறுபடி எழும்பும். பதிலுக்கு உள்ளே வருவது பொடி பொடியாக ஏதோ. ஒரு மணிக்கு நின்றது, இரண்டு மணிக்கு ஆரம்பித்தது, நாலரைக்கு ஓய்ந்தது. ஆபீஸ் நேரம் பார்த்து வேலை செய்கிற திருடன் போல.

யார் என்று பார்க்கலாம் என்றால் முடியாது. இந்தக் காலத்து ஃபோன்கள் வைஃபையில் நுழையும்போது தினம் ஒரு பேரை மாற்றிச் சொல்லிக்கொள்கின்றன.

ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சாதம். இவருக்கு அது என்றால் உயிர். தட்டு காலியாகும்வரை சத்தமே இல்லை. நன்றாக இருக்கிறதா என்று இரண்டாவது முறை கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

அதே கோடு. அதே நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை.

டி.வி. சத்தத்தை இவர் கூட்டிக்கொண்டே போகிறார். பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா சுவரைத் தட்டினார். நான் பேசுவது காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான், வேறென்ன?

ஜூன் 5, வியாழன்

இன்று கோடு வரவில்லை. நாள் முழுக்கப் பார்த்தேன். ஓ.பி. என்னவோ நிரம்பி வழிந்தது.

இவருக்கு வியாழக்கிழமை வார விடுப்பு. காலையிலேயே கோயமுத்தூர் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். எதற்கு என்றால் ஒரு வேலை என்றார். சித்திரையிலிருந்து வியாழனுக்கு வியாழன் கோயமுத்தூரில் அப்படி என்ன வேலையோ. சட்டையைத் துவைக்கப் போடும்போது பை நிறைய பஸ் டிக்கெட். கேட்டால் பதில் வராது என்று கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

எட்டு நாற்பது. வந்துவிட்டான்.

ஜூன் 9, திங்கள்

இரண்டு பேரும் லீவு. பெருந்துறையில் என் சித்தப்பா பேத்தி கல்யாணம். இவரைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் கல்லைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். முன்பெல்லாம் கல்யாண வீடு என்றால் இவரைப் பிடிக்க முடியாது. யார் எந்த ஊர், யாருக்கு யார் பங்காளி, அவர் கிணற்றில் தண்ணி எத்தனை அடியில் இருக்கிறது என்று எல்லாம் விசாரித்து வைத்திருப்பார். அதனால்தான் ஆஸ்பத்திரியிலும் ஓ.பி. முதல் கவுன்ட்டர் நல்லசிவம் என்றால் சென்னிமலையிலிருந்து அந்தியூர்வரை தெரியும். சீட்டுப் போட வருகிறவரிடம் ஊரைக் கேட்டு, அந்த ஊரில் யாரையாவது கேட்டு, வந்தவரின் பயத்தைப் பாதி இறக்கி வைத்துவிட்டுத்தான் டோக்கன் கொடுப்பார்.

இன்று மேளக்காரர்களுக்குப் பக்கத்தில், யாருமே உட்காராத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினார். என் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ளைக்கு நம்ம மேல ஏதாச்சும் வருத்தமா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. நான் லீவு போட்ட நாளாகப் பார்த்து அவனும் வரவில்லை. எமகாதகன். என்னையே நோட்டம் விடுகிறான் போல.

பிரகதீஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கோட்டை விரித்துச் சுருக்கி, பத்து நிமிடம் பார்த்தார். பிறகு சொன்னார். "அக்கா, இது குரல். யாரோ மனுசங்க பேசறத மைக்குல புடிச்சு வெளிய அனுப்பறாங்க. பேச்சு நின்னா கோடு படுக்குது பாருங்க."

ஓ.பி. ஹாலில் மனிதர்கள் என்னென்ன பேசுவார்கள்? எந்த டாக்டர், என்ன வியாதி, எத்தனை மாதம், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம். அத்தனையும் யாரோ ஒருவன் மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறான். இந்த மாதம் இருபதாம் தேதி பாதுகாப்புச் சோதனைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் ஆளைப் பிடித்து எழுத்துமூலம் கொடுக்க வேண்டும் என்றார். வெளி ஆள் என்றால் போலீஸ், உள் ஆள் என்றால் வேலையும் போகும், போலீஸும் வரும். நான் பிடித்துக் காட்டுகிறேன் என்று சொன்னேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஜூன் 11, புதன்

வைஃபை பலத்தை அளக்கிற கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ ரிப்பேர் பார்க்கிறவள் மாதிரி ஓ.பி. ஹாலைச் சுற்றினேன். எக்ஸ்ரே அறைக்காகக் கட்டின கனத்த சுவரால் அங்கே செல்ஃபோன் சிக்னல் சுத்தமாக வராது. எல்லோருக்கும் வைஃபைதான் கதி. கவுன்ட்டரும் அதற்கு முன்னால் உள்ள நாற்காலி வரிசைகளும்தான் இடம் என்பதுவரை வந்துவிட்டேன்.

கறுப்புப் பையோடு ஒருவர் மூன்றாவது வரிசையில் தினமும் உட்கார்ந்திருப்பதாக அங்கே டியூட்டி பார்க்கிற ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். பையை மடியிலிருந்து இறக்குவதே இல்லை. இவன்தான் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாள் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்துவிடுகிறார். பையில் அவளுடைய மாற்றுச் சேலையும் ஒரு சொம்பும். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கேன்டீனில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான் ஹாலில் சுற்றுவதை இவர் கவுன்ட்டரிலிருந்து பார்த்துக் கை காட்டினார். ஃபோனைப் பேனா ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருக்கிறார். சீட்டுப் போட்டுக்கொண்டே அதைப் பார்க்கிறார். வேலை நேரத்தில் வீடியோ. மேலே பிரகதீஷ் கண்ணில் பட்டால் என் மானம்தான் போகும்.

ஜூன் 12, வியாழன்

கோடு இல்லை. இவர் கோயமுத்தூர்.

மதுமிதா பெங்களூரு ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். அப்பா ஃபோனையே எடுப்பதில்லை, மெசேஜ் மட்டும்தான் போடுகிறார், பக்கம் பக்கமாகப் போடுகிறார் என்றாள். மகளிடம் பக்கம் பக்கமாக. எனக்கு ஒரு வரி கிடையாது. நான் ஒரே வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கெதற்கு மெசேஜ்?

ஜூன் 13, வெள்ளி

வியாழன் வருவதில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வருவதில்லை. ஒன்பதாம் தேதி வரவில்லை. நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அப்புறம் நோட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். தலைவலி.

ஜூன் 16, திங்கள்

காலையில் பிரகதீஷ் சொல்லிவிட்டார். இனி ஆளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை, குரல் போய்ச் சேர்கிற முகவரியையே அடைத்துவிடுங்கள் என்றார். எங்கள் வேலையில் அதுதான் வழக்கம். முதலில் அடைப்பது, பிறகு கேட்பது. பத்து நாற்பத்திரண்டுக்கு நான்தான் அடைத்தேன். ஒரு பட்டன். கோடு அப்படியே படுத்துவிட்டது. கை தட்டாத குறை.

பதினொன்றுக்கு ஸ்டெல்லா சிஸ்டர் கீழேயிருந்து கூப்பிட்டார். முதல் கவுன்ட்டரில் கூட்டம் நகரவே இல்லை, சிஸ்டம் ஏதாவது மக்கரா என்று. பார்த்தேன், எல்லாம் சரியாக ஓடுகிறது. சரி, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று இறங்கினேன்.

கவுன்ட்டர் முன்னால் ஒரு தகப்பன், தோளில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. முகத்தில் மாஸ்க். என்னவோ சொல்கிறார். இவர் ஃபோனைப் பார்க்கிறார், அதைத் தட்டுகிறார், அந்த மனிதரின் மாஸ்கைப் பார்க்கிறார். அவர் மறுபடி சொல்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள். இவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, "சித்த எழுதிக் குடுத்துருங்" என்கிறார். அந்த மனிதருக்கு இரண்டு கையும் குழந்தைக்கே சரியாக இருக்கிறது, எதில் எழுதுவார்? போன தடவை போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிட்டது, அதைச் சீட்டில் போடுங்கள் என்று அவர் சொல்வது கதவருகே நின்ற எனக்கே கேட்டது. இவர் சிரித்துத் தலையாட்டினார்.

பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன். "ஏனுங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் ஓர் அடி கிட்டப் போய், "ஏனுங்க" என்றேன். அடுப்படியிலிருந்து தினமும் நான் பார்க்கிற அதே முதுகு.

ஃபோன் அப்படியே சாய்ந்திருந்தது. திரையில் வீடியோ இல்லை. எழுத்து. "பவானி பக்கம் ஜம்பைங்க. பேரு நவீனா. வயசு மூணு. போன தடவ" என்று நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

என் கையால் அடைத்திருக்கிறேன்.

அடைப்பைத் திறக்க ஒரு நொடி போதும். மேலே ஓடிப் போய்த் திறந்துவிடலாமா என்று கால் பரபரத்தது. ஆனால் இந்த நவீனாவின் பேரும் ஊரும் வியாதியும் இத்தனை நாளும் எவர் வீட்டு மெஷினுக்கோ போய்க்கொண்டிருந்ததும் நிஜம்தானே. திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அந்தத் தாளில், "நான் கேட்டுச் சொல்றேன். நீங்க டைப் பண்ணுங்க" என்று எழுதிக் காட்டினேன்.

முதலில் நவீனாவின் ஊசி. அதைச் சிவப்பு எழுத்தில் போட்டார். பிறகு ஒவ்வொருவராக. அவர்கள் என்னிடம் சொல்ல, நான் இவர் முகத்துக்கு நேராகத் திரும்பி மெல்லச் சொல்ல, இவர் என் உதட்டைப் பார்த்து டைப் அடிக்க, ஒரு மணிவரை நாற்பத்தோரு டோக்கன் போட்டோம். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இந்த மனுஷர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்தது இன்றுதான். நான் இவர் முகத்தைப் பார்த்ததும்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இவர் ஃபோனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து, என் பக்கம் மைக்கைத் திருப்பி வைத்தார். வீட்டு வைஃபையில் அடைப்பு இல்லை. நான் பேசினால் குரல் வெளியே எங்கோ போய், எழுத்தாகத் திரும்பி வந்து ஓடுகிறது. நான் கேட்டது, அது எழுத்தாகி, இவர் வாசித்து, அதற்கப்புறம் பதில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்தச் சின்ன நேரம் இருக்கிறதே, அதில் என் உயிர் போய்ப் போய் வந்தது.

இடது காது போன தீபாவளிக்கு முன்பே போய்விட்டதாம். வலதில் பாதி. நரம்பு. கோயமுத்தூரில் பார்க்கிறார்கள், மெஷின் வைத்தால் வலதைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். வைக்கவில்லை. வைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காது கேட்காதவனைக் கவுன்ட்டரில் உட்கார வைப்பார்களா என்ற பயம். அந்தக் கவுன்ட்டர் போனால் நான் யாரு என்று கேட்டார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டேன்.

எழுத்து ஓடி முடிந்தது. வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன், அம்முணி. நீ எல்லாத்தையும் பாக்கறவளாச்சே."

இன்று காலையில் இந்த டைரியை முதலிலிருந்து வாசித்தேன். வியாழன் கோடு இல்லை, வியாழன் கோயமுத்தூர். அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறேன். கல்யாண நாள், லீவு, கோடு இல்லை. டி.வி. சத்தம். மகளுக்கு மெசேஜ். எழுதியதெல்லாம் என் கைதான். பதின்மூன்றாம் தேதி வந்த தலைவலி என்ன தலைவலி என்று இப்போது தெரிகிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். தை மாதத்தில் பந்தியில் அப்படிக் கேட்டதற்கு மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். இவர் வாசித்துவிட்டு முழித்தார். "அன்னைக்கு நீ என்ன கேட்ட? எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன்" என்றார்.

கேட்கவே இல்லையாம். கேட்காத ஒரு வார்த்தைக்காக இந்த மனுஷர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் ஐந்து மாதம் வயிறு எரிந்திருக்கிறேன். என்ன சொன்னாய், இப்பொழுதாவது சொல் என்று விடாமல் கேட்டார். ஃபோனைக் குப்புறப் படுக்கப் போட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அது சிரிப்பில் வந்ததுதான்.

ஜூன் 18, புதன்

நாளை காலை பத்து மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

இரண்டு விதமாக எழுதலாம். "அடையாளம் தெரியாத கைப்பேசி. முகவரி அடைக்கப்பட்டது. அதன்பின் வரவில்லை." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பிரகதீஷுக்கும் அது போதும். இவரும் பழையபடி கவுன்ட்டரில் உட்காரலாம், இந்தத் தடவை ஒன்றுமே கேட்காமல். இன்னொரு நவீனா வருவாள். இன்னொரு ஊசி. இவர் சிரித்துத் தலையாட்டுவார்.

இன்னொரு விதம், நடந்ததை எழுதுவது. இருபத்திரண்டு வருஷ வேலையை நானே என் கையால் முடித்து வைப்பதாகவும் அது ஆகலாம்.

இரண்டையும் எழுதி, சாயந்திரம் இவர் முன்னால் வைத்தேன். நிதானமாக வாசித்தார். முதல் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவதை என் பக்கம் நகர்த்தினார்.

"இதையே குடுத்துரு. வேற எவனோ எழுதறதுக்கு நீ எழுதுனா எனக்குப் பரவால்ல."

எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, அதையும் திருத்திக் கொடுத்தார். சீட்டுப் போட்டுப் போட்டு அந்தக் கண் அப்படி.

ஜூன் 19, வியாழன்

கொடுத்துவிட்டேன். எழுதியவள் அவருடைய மனைவி, இதற்கு மேல் இந்த விஷயத்தை வேறொருவர் பார்ப்பதுதான் முறை என்று கடைசி வரியில் எழுதினேன். பிரகதீஷ் வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அக்கா, நீங்க சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கோயமுத்தூருக்கு இன்று இரண்டு பேரும் போனோம், மதியத்துக்கு மேல். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு.

ஜூன் 20, வெள்ளி

சோதனைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். முடிவு சொல்லவில்லை. இவரைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு மெமோ. போலீஸ் இல்லை. ஆனால் வேலை இருக்கிறதா இல்லையா என்று நிர்வாகக் கூட்டத்தில்தான் தெரியும்.

ஜூன் 23, திங்கள்

மெஷின் வந்தது. வலது காதுக்கு. போட்டுவிட்டு முதலில் இவருக்குக் கேட்டது குக்கர் விசில். பயந்து எழுந்தே விட்டார். இன்னும் பேச்சுத் தெளிவாகப் பிடிபடவில்லை, தகரத்தில் பேசுவது போல இருக்கிறதாம். எதிரே உட்கார்ந்து சொன்னால் பாதி புரிகிறது. நான் இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிடுவதில்லை. போய் எதிரே நின்றுதான் சொல்கிறேன். இட்லி ஆறாமலும் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

முதல் கவுன்ட்டரில் புதிதாக ஒரு பெண். வேகமாகத்தான் போடுகிறாள். "அந்த ஊரு கேக்கற சார் எங்க?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பத்துப் பேர் பேரையும் ஒரு சீட்டில் எழுதி நிர்வாக அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கறுப்புப் பைக்காரரின் பேர் முதலாவது.

ஜூலை 2, புதன்

பிரகதீஷ் என்னைக் கூப்பிட்டு ஒரு திரையைக் காட்டினார். நான் பேசினேன், எழுத்தாக ஓடியது. என்ன இது, அதேதானே என்றேன். இல்லை, குரலை எழுத்தாக்குகிற மென்பொருளை நம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலேயே போட்டிருக்கிறேன், குரல் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது, முடிந்ததும் அழிந்துவிடும் என்றார். இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் நோண்டியிருக்கிறார். நான் அவர் வீடியோ பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு இந்தப் புத்தி எப்போதுதான் போகுமோ.

நம் ஊர்ப் பேச்சுக்கு அது இன்னும் பழகவில்லை. இவரை உட்கார வைத்து ஊர்ப் பேர்களாகச் சொல்லச் சொன்னோம். ஜம்பை, ஊஞ்சலூர், சிவகிரி, காஞ்சிக்கோயில். ஒரு மணி நேரம் சொன்னார். ஒவ்வொரு ஊருக்கும் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார், சிவகிரிக்கு மட்டும் கால் மணி நேரம்.

ஜூலை 10, வியாழன்

நிர்வாகக் கூட்டம். கடுமையான எச்சரிக்கை, ஒரு வருடச் சம்பள உயர்வு கிடையாது. திங்கட்கிழமை முதல் பழைய இடம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டவில்லை.

ஜூலை 14, திங்கள்

கவுன்ட்டர் கண்ணாடியில் இவரே எழுதி ஒட்டியிருக்கிறார்: "எனக்குக் காது மந்தம். மாஸ்கை இறக்கி, என்னைப் பார்த்துப் பேசுங்கள். நீங்கள் பேசுவது இந்தத் திரையில் எழுத்தாக வரும், வெளியே போகாது." கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், "எந்த ஊருங்க?"

எட்டு நாற்பதுக்குத் திரையில் அந்தக் கோடு வந்தது. இப்போது அதற்குப் பெயர் உண்டு, வாடிக்கைப் பட்டியலில் இருக்கிறது. கவுன்ட்டரிலிருந்து கிளம்பி எங்கள் மாடி மெஷின்வரை வந்து திரும்பிப் போகிறது, வெளியே எங்கும் போவதில்லை. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது, ஒட்டிய கவர்தான். எழும்பினால் யாரோ இவரிடம் பேசுகிறார்கள். படுத்தால் இவர் பதில் சொல்கிறார். பதினொன்று இருபதுக்கு ஒன்று எழும்பி ரொம்ப நேரம் படுக்கவே இல்லை. சிவகிரிக்காரராக இருக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு வரை கோடு வராது, அதுதான் வாடிக்கை. இன்று அந்த ஒரு மணி நேரமும் எழும்பி எழும்பி அடங்கியது, என்னவென்று பார்க்கிறீர்களா அக்கா என்று பிரகதீஷ் சாயந்திரம் கேட்டார். பார்க்க வேண்டியதில்லை, அது நான்தான் என்றேன். இரண்டு டிபன் பாக்ஸோடு கீழே போய், கவுன்ட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, இவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.